தொப்பியைப் பார்த்து எழுதிய தீர்ப்பு

சீருடையைத் தவறாக அணிந்தவரெல்லாம் போலி வீரர் அல்ல. கச்சிதமாக அணிந்தவரெல்லாம் உண்மையான வீரரும் அல்ல. பொய்யர்களைப் பிடிக்கக் கிளம்பிய அமெரிக்கா, இந்தப் பாடத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது.

2016 நவம்பர் 11. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் தினம். டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை ஒட்டிய சீடர் ஹில் என்ற ஊரில் ஓர் உணவகம். அன்று முன்னாள் வீரர்களுக்குச் சாப்பாடு இலவசம். நாடு முழுக்கப் பல உணவகங்கள் அந்த ஒரு நாளில் செய்கிற மரியாதை அது. பழைய ராணுவ உடையும் தொப்பியும் அணிந்த கறுப்பின மனிதர் ஒருவர், தன் உதவி நாயோடு அமர்ந்து சாப்பிட்டு முடித்திருக்கிறார். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் பொட்டலமும் வந்துவிட்டது.

அப்போது முதியவர் ஒருவர் அவரிடம் வருகிறார். தான் ஜெர்மனியில் பணியாற்றியதாகவும், அங்கே கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டதே இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் உணவக மேலாளர் வருகிறார். 'நீங்கள் நிஜமான சிப்பாய் இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார். கட்டடத்துக்குள் தொப்பியைக் கழற்றாமல் இருக்கிறீர்களாம்.'

அவர் ராணுவ அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறார். பணி விடுப்புச் சான்றையும் காட்டுகிறார். 1987 முதல் 1991 வரை 25-வது காலாட்படை டிவிஷனில் பணியாற்றியவர் அவர். இரண்டு ஆதாரங்கள் கண்ணெதிரே இருந்தும், மேலாளரின் கை சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காட்சி அவருடைய கைபேசியில் பதிவாகி, நாடெங்கும் பரவியது. உணவக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மேலாளர் அந்தக் கிளையிலிருந்து அகற்றப்பட்டார்.

கூரையின் கீழ் தொப்பி போடக் கூடாது என்பது ராணுவப் பழக்கம்தான். அதை மறந்ததற்காக ஒருவருடைய நான்கு ஆண்டுப் பணியே இல்லை என்றாகிவிடுமா? 'கறுப்பர்களே அங்கே இல்லை' என்ற பேச்சு அதைவிடப் பெரிய அநியாயம். இரண்டாம் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின அமெரிக்கர்கள் படைகளில் இருந்தார்கள். 761-வது டாங்கிப் படைப்பிரிவு ஜெர்மனி மண்ணிலேயே போரிட்டது. வரலாறு தெரியாதவரின் சந்தேகம், தெரிந்தவரின் மானத்தை வாங்கியது.

ஏன் இவ்வளவு சந்தேகம்? அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

தண்ணீர் வாரியத்தில் ஒரு 'மாவீரர்'

2007 ஜூலை 23. கலிஃபோர்னியாவில் 'த்ரீ வேலீஸ்' என்ற குடிநீர் வாரியத்தின் கூட்டம். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஸேவியர் ஆல்வரெஸ் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மரைன் படையில் 25 ஆண்டுகள் இருந்ததாகவும், 2001-ல் ஓய்வு பெற்றதாகவும், 1987-ல் மெடல் ஆஃப் ஹானர் பெற்றதாகவும் சொல்கிறார். பலமுறை காயம்பட்டதாகவும் சேர்த்துக்கொள்கிறார்.

மெடல் ஆஃப் ஹானர் என்பது அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கம். நம் பரம்வீர் சக்ராவுக்கு நிகரானது. உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து இன்றுவரை மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பேர்தான் அதைப் பெற்றிருக்கிறார்கள். பலர் உயிரோடு இருந்து வாங்கவில்லை. ஆல்வரெஸோ ஒரு நாள்கூட எந்தப் படையிலும் இருந்ததில்லை. அவர் சொன்னது ஒன்றுகூட உண்மை இல்லை.

பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்வதையே குற்றமாக்கிய 2006-ன் 'ஸ்டோலன் வேலர்' சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்கு பாய்ந்தது. 5,000 டாலர் அபராதம், மூன்றாண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பு, 416 மணி நேர சமூகப் பணி என்று தண்டனையும் கிடைத்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூன் 28 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வந்த தீர்ப்பு பலரை அதிரவைத்தது. பொய் சொல்வது கேவலம்தான். ஆனால், வெறும் பொய்யை மட்டுமே குற்றமாக்குவது பேச்சுரிமைக்கு எதிரானது. அதனால் அந்தச் சட்டம் செல்லாது. நீதிபதி அந்தோணி கென்னடி எழுதிய கருத்தில் ஒரு வழியும் சொல்லப்பட்டிருந்தது: பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை அரசே இணையத்தில் வைக்கட்டும், பொய் தானாக அம்பலமாகும்.

அடுத்த மாதமே பாதுகாப்புத் துறை அப்படியொரு தளத்தைத் தொடங்கியது. சிறை செய்ய முடியாததைப் பட்டியல் செய்யட்டும் என்ற அந்த யோசனைதான் இந்த விவகாரம் முழுவதற்கும் சாவி. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கேதான் திரும்பி வருவோம்.

---
பெட்டிச் செய்தி: சட்டம் வந்த வழி

● 1998: டல்லாஸைச் சேர்ந்த பங்குத் தரகரும் வியட்நாம் போர் வீரருமான பி.ஜி. பர்க்கெட், 'ஸ்டோலன் வேலர்' என்ற நூலை கிளென்னா விட்லியுடன் சேர்ந்து வெளியிட்டார். 'களவாடிய வீரம்' என்று பொருள்படும் அந்தத் தலைப்பே, போலி வீரர்களின் மோசடிக்குப் பொதுப் பெயராகிவிட்டது.

● 2006 டிசம்பர் 20: 'ஸ்டோலன் வேலர் சட்டம்' அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்துடன் அமலுக்கு வந்தது. கொலராடோவைச் சேர்ந்த பாம் ஸ்டெர்னர் கல்லூரியில் படித்தபோது எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையே இதன் விதை.

● 2012 ஜூன் 28: உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

● 2013 ஜூன் 3: அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம். பணம், சொத்து போன்ற பலன் பெறும் நோக்கத்தோடு பதக்கம் பெற்றதாகப் பொய் சொன்னால் மட்டுமே குற்றம். ஓராண்டு வரை சிறை.
---

தையலும் தடயமும்

அமெரிக்க ராணுவச் சீருடையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு சுயசரிதை. எந்தப் போரில் இருந்தார், எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டுகள், காயம் பட்டாரா, பாராசூட்டில் குதித்தாரா... எல்லாமே தோளிலும் மார்பிலும் எழுதியிருக்கும். அதனால்தான் போலிகள் முதலில் மாட்டுவதும் அங்கேதான்.

2014 நவம்பர் கடைசியில், பென்சில்வேனியாவின் ஒரு வணிக வளாகத்தில் நடந்த சம்பவத்தை யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். ரேஞ்சர் படைச் சின்னங்களோடு முழுச் சீருடையில் நின்ற ஒருவரிடம், போரில் காயம்பட்டதற்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்ற முன்னாள் வீரர் ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார். தோளின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய தேசியக் கொடி ஏன் கீழே இறங்கியிருக்கிறது என்று கேட்கிறார். நேரடிப் போரில் ஈடுபட்ட காலாட்படை வீரருக்குத் தரும் பேட்ஜ் மூன்று தடவை கிடைத்ததாக அந்தச் சீருடை காட்டியது. ஒரு போர்க்காலத்துக்கு ஒன்றுதான் அந்த பேட்ஜ் என்பது விதி. இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் என்று நீளும் அந்தக் கணக்கில், இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரிடம் மூன்று இருக்க வழியே இல்லை. பதில் தடுமாறியது.

இந்தக் காணொளி ஓர் அலையைக் கிளப்பியது. கடைவீதி, விமான நிலையம், பெட்ரோல் பங்க் என்று எங்கே சீருடையைப் பார்த்தாலும் கைபேசியை உயர்த்துகிற கூட்டம் உருவானது. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பர்ப்பிள் ஹார்ட் வீரருக்கு விதி தெரியும். அவரைப் பார்த்துக் கிளம்பிய எல்லோருக்கும் தெரியுமா?

ஓர் உதாரணம் போதும். அமெரிக்க ராணுவ வீரரின் வலது தோளில் இருக்கும் கொடி, பார்ப்பவருக்குத் திருப்பித் தைத்ததுபோலத் தெரியும். நட்சத்திரங்கள் வலது பக்கம் இருக்கும். விவரம் தெரியாதவர் 'பார், கொடியையே தலைகீழாகத் தைத்திருக்கிறான்' என்பார். உண்மையில் அதுதான் சரியான முறை. வீரர் முன்னேறி நடக்கும்போது கொடி காற்றில் பின்னோக்கிப் பறப்பதுபோல, நட்சத்திரப் பகுதி எப்போதும் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்பது விதி. சரியாக இருப்பதே தவறாகத் தெரிகிற இடத்தில், கண்ணை மட்டும் நம்பி என்ன தீர்ப்பு சொல்வது?

அதோடு, சீருடை காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2001 ஜூனில் ராணுவம் முழுவதற்கும் கறுப்பு பெரே தொப்பி வந்தது. பத்து ஆண்டுகளில் அது அன்றாடச் சீருடையிலிருந்து விலக்கப்பட்டது. 2005-ல் வந்த சாம்பல் பச்சைக் கட்டம்போட்ட உடை 2019-க்குள் வழக்கொழிந்தது. பெட்டியில் இருந்த தன் காலத்துச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வரும் முதியவர், இன்றைய சிப்பாயின் கண்ணுக்கு ஒரு வேஷக்காரராகத் தெரியலாம். எழுபது வயதில் பழைய சட்டையின் பொத்தான் சேராது. தொலைந்த ரிப்பனுக்குப் பதில் பழைய ராணுவப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய ரிப்பன் வரிசை மாறியிருக்கும். நண்பர் அன்பளித்த பேட்ஜை ஆசையாகக் குத்தியிருப்பார். இவை பிழைகள். பிழை வேறு, பொய் வேறு.

---
பெட்டிச் செய்தி: யார், எப்போது அணியலாம்?

● உரிமையின்றி அமெரிக்கப் படைச் சீருடை அணிந்தால் ஆறு மாதம் வரை சிறை என்பது கூட்டாட்சிச் சட்டம்.

● ஓய்வுபெற்ற அதிகாரி தன் பதவிப் பெயரைப் பயன்படுத்தலாம். அந்தப் பதவிக்குரிய சீருடையையும் அணியலாம்.

● கண்ணியமாக விடுவிக்கப்பட்ட வீரர், பணி முடிந்து வீடு திரும்பும் பயணத்தில் சீருடை அணியலாம். மூன்று மாத வரம்பு உண்டு.

● நினைவு நாள், முன்னாள் வீரர் தினம், ராணுவ இறுதிச் சடங்கு, திருமணம், அணிவகுப்பு போன்ற சடங்கு நிகழ்வுகளுக்கு அனுமதி உண்டு. அரசியல் மேடைக்கும் வியாபாரத்துக்கும் இல்லை.

● ஓய்வுபெற்றபோது இருந்த சீருடையையோ இன்றைய சீருடையையோ அணியலாம். இரண்டையும் கலக்கக் கூடாது.

● நடிகர் மேடையிலும் திரையிலும் அணியலாம். படையை இழிவுபடுத்தாமல் நடித்தால்தான் அனுமதி என்ற நிபந்தனையை 1970-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது.
---

கால் அங்குல எழுத்து

பிழைக்கும் பொய்க்கும் இடையே கோடு போடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல ஒரு மரணமே இருக்கிறது.

அட்மிரல் ஜெரமி பூர்டா அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி. சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அந்த நாற்காலி வரை உயர்ந்த முதல் மனிதர். அவருடைய மார்பில் இருந்த ரிப்பன்களில் இரண்டின்மேல் 'வி' என்ற சிறு வெண்கல எழுத்து இருந்தது. உயரம் கால் அங்குலம்தான். அந்த விருது போர்க்களத்தில் கிடைத்தது என்று அந்த எழுத்து சொல்லும். வியட்நாம் போர்க் காலத்தில் கப்பலில் பணியாற்றியவர் அவர். ஆனால், அந்த எழுத்தை அணிய அவருடைய விருது ஆவணங்களில் வெளிப்படையான அனுமதி இல்லை என்று கேள்வி எழுந்தது. இறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே அவர் அவற்றைக் கழற்றிவிட்டிருந்தார்.

1996 மே 16. ஒரு வார இதழின் செய்தியாளர்கள் அதைப் பற்றிக் கேட்க அன்று பிற்பகல் வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்குள் அட்மிரல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால், தன் மாலுமிகள் தன்னை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வேதனை அவரிடம் இருந்தது என்பது அப்போதே பதிவானது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். வியட்நாம் போரின்போது கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் ஸம்வால்ட், பூர்டா அந்த எழுத்தை அணிந்தது முறைதான் என்று கடிதம் எழுதினார். 1998-ல் கடற்படைச் செயலர் ஜான் டால்டன் அந்தக் கடிதத்தை பூர்டாவின் பணிப் பதிவேட்டில் சேர்த்தார். அதன்பின் கடற்படைப் பதிவேடுகளைத் திருத்தும் வாரியம் ஆராய்ந்து, அவருக்கு அந்தத் தகுதி இல்லை என்றது. கடற்படையின் மிக மூத்தவர்களே ஒரு முடிவுக்கு வர முடியாத விஷயம் அது. பதிவேடும் விதிநூலும் கையில் இருந்தவர்களுக்கே இவ்வளவு குழப்பம் என்றால், கடைவீதியில் கைபேசியோடு நிற்பவருக்கு எப்படித் தெளிவு வரும்?

எரிந்துபோன சாட்சிகள்

'உண்மையான வீரர் என்றால் ஆவணத்தைக் காட்டட்டுமே' என்பார்கள். நியாயம்தான். அமெரிக்காவில் ஒவ்வொரு வீரரும் வெளியே வரும்போது 'டிடி 214' என்ற படிவம் தரப்படுகிறது. பணியில் இருந்த காலம், பிரிவு, பெற்ற பதக்கங்கள், எப்படி விடுவிக்கப்பட்டார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். முன்னாள் வீரர் ஒருவருக்கு வீட்டுக் கடன், மருத்துவம், ஓய்வூதியம், கடைசியில் கல்லறையில் ராணுவ மரியாதை என எல்லாக் கதவுக்கும் அதுதான் திறவுகோல். அது தொலைந்தால் மூலக் கோப்பிலிருந்து நகல் வாங்கலாம்.

மூலக் கோப்பே சாம்பலாகியிருந்தால்?

1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம். மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீ பிடித்தது. அந்தக் கட்டடத்தின் ஆவணக் கிடங்குகளில் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்கள் பொருத்தப்படவில்லை. 22 மணி நேரம் எரிந்த தீயை முழுமையாக அணைத்துவிட்டதாக அறிவிக்க நான்கு நாட்கள் ஆயின. எரிந்த கோப்புகளுக்கு நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை, இருந்தவற்றின் பட்டியல்கூட இல்லை.

மீட்டவற்றைக் காப்பாற்ற நடந்த முயற்சி மனத்தை உருக்கக்கூடியது. தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய கோப்புகளைப் பால் கடைகளில் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கினார்கள். அதே நகரில் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனம் விண்வெளிச் சூழலைச் சோதிப்பதற்காக வைத்திருந்த வெற்றிட அறைக்குள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,000 கூடைகளாக ஏற்றினார்கள். விண்கலங்களுக்காகக் கட்டிய அறை, சிப்பாய்களின் ஈரக் காகிதத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் எட்டு டன் தண்ணீரை உறிஞ்சி எடுத்தது. சுமார் 65 லட்சம் கோப்புகள் பிழைத்தன. விளிம்பு கருகிய அந்தத் தாள்களை ஊழியர்கள் இன்றைக்கும் கையுறை அணிந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பூஞ்சை நீக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொரியப் போரில் இருந்த ஒருவரின் பேரன், தாத்தாவின் பதக்கத்துக்கு ஆதாரம் கேட்டு எழுதினால், 'உங்கள் தாத்தாவின் கோப்பு 1973 தீயில் அழிந்திருக்கலாம்' என்று பதில் வருவது சகஜம். அப்போது கடைசிச் சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் தினசரி வருகைக் குறிப்பு, மருத்துவமனைப் பதிவு என்று துண்டு துண்டாகச் சேர்த்து அவருடைய பணியை மறுபடி கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தாத்தாவை யாராவது ஒரு நடைபாதையில் மறித்து 'உன் ஆதாரம் எங்கே?' என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

---
பெட்டிச் செய்தி: தீ தின்ற கணக்கு

● அழிந்தவை: 1.6 கோடி முதல் 1.8 கோடி பணிக் கோப்புகள்.

● 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படை வீரர்களின் கோப்புகளில் 80 சதவிகிதம் போயிற்று. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் இந்தக் காலத்துக்குள் அடங்கும்.

● 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட விமானப்படை வீரர்களில், அகர வரிசைப்படி 'ஹப்பர்ட், ஜேம்ஸ் ஈ.' என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் கோப்புகளில் 75 சதவிகிதம் போயிற்று.
---

பொய்யின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

பிழையை மன்னிக்கச் சொல்வது பொய்யைக் கண்டும் காணாமல் விடச் சொல்வதல்ல. பொய்க்குப் பலியாகிறவர்களும் முன்னாள் வீரர்கள்தான்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2023 மார்ச்சில் ஒரு வழக்கு முடிந்தது. முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்த ஒரு பெண், தன்னை மரைன் படையில் காயம்பட்டவர் என்றும் புற்றுநோயாளி என்றும் சொல்லிக்கொண்டார். பர்ப்பிள் ஹார்ட், வெண்கல நட்சத்திரப் பதக்கங்களை வாங்கிச் சீருடையில் குத்திக்கொண்டார். முன்னாள் வீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குத் தலைவராகவும் ஆனார். அவர் ஒரு நாளும் படையில் இருந்ததில்லை. புற்றுநோயும் இல்லை. தன்னை நம்பி வந்த நோயாளிகளின் மருத்துவ ஆவணங்களிலிருந்தே தன் பொய்க்கான விவரங்களை எடுத்திருந்தார். நல்லெண்ண அமைப்புகளிடமிருந்து இரண்டரை லட்சம் டாலர் அளவுக்குப் பணமும் உதவியும் வாங்கியிருந்தார். 70 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவருடைய சீருடையில் ஊர் குறை சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் சக வீரர்களே அவரைத் தலைவராக்கினார்கள். கடைசியில் அவரை வீழ்த்தியது பதிவேடு.

அந்தப் பணம் யாருக்குப் போயிருக்க வேண்டும்? நிஜமாகவே உடம்பில் குண்டுத் துகள்களோடு வாழ்கிறவருக்கு. போர்க்கள அதிர்ச்சியில் தூக்கம் தொலைத்து, உதவி கேட்கவே கூச்சப்படுகிறவருக்கு. ஒவ்வொரு மோசடியும் அம்பலமான பிறகு, அடுத்து உதவி கேட்டு வருகிறவரின்மேல் கேள்விகள் கூடுகின்றன. 'ஸ்டோலன் வேலர்' நூலை எழுதிய பர்க்கெட் கண்ட அநியாயம் இன்னொரு வகை. டெக்சாஸில் வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்கு நிதி திரட்டியபோது, வியட்நாம் வீரர் என்றாலே போதைக்காரர், வீடற்றவர், கொலைகாரர் என்ற பிம்பம் குறுக்கே நின்றது. ஊடகங்களில் அப்படிக் காட்டப்பட்டவர்களின் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கிப் பார்த்தார். பலர் வியட்நாமுக்கே போனதில்லை. சிலர் படையிலேயே இருந்ததில்லை. பொய்யர்கள் பதக்கத்தை மட்டும் திருடவில்லை. ஒரு தலைமுறை வீரர்களின் நற்பெயரையும் திருடியிருந்தார்கள்.

இன்னொரு பக்கம், சந்தேகத்தின் சுமை எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை. பெண் வீரர் ஒருவர் முன்னாள் வீரர்களுக்கான வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டால், 'உங்கள் கணவர் எந்தப் படையில் இருந்தார்?' என்ற கேள்வி வருகிறது. கறுப்பின வீரருக்கு நேர்ந்ததை சீடர் ஹில்லில் பார்த்தோம். வீரர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று மனத்தில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குள் அடங்காதவர்தான் முதலில் நிறுத்தப்படுகிறார்.

பிரிட்டனிலும் இதே தவிப்புதான். 1894-லிருந்து அங்கே சீருடைச் சட்டம் இருக்கிறது. ஆனால், பெறாத பதக்கத்தை அணிவது குற்றம் என்றிருந்த பழைய ராணுவச் சட்டப் பிரிவு, 2006-ன் புதிய ஆயுதப் படைகள் சட்டத்தில் இடம்பெறவில்லை. அதை மீண்டும் குற்றமாக்க 2016-ல் எம்.பி. கரேத் ஜான்சன் ஒரு மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு ஆதரித்தும் அது நிறைவேறவில்லை. நினைவு நாள் அணிவகுப்புகளில் சந்தேகத்துக்குரிய பதக்கங்களைத் தன்னார்வலர்களே தேடிப் பிடிக்கிறார்கள். அரசு விட்ட இடத்தில் கூட்டம் நிற்கிறது.

நம் ஊர் மிலிட்டரிக்காரர்

நமக்கு இது தொலைதூரக் கதை அல்ல. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது; 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர். தமிழ்நாட்டில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்ற அடையாளம் இல்லாத தெரு குறைவு. அந்த மரியாதையைத்தான் மோசடிக்காரர்கள் முதலீடாக்குகிறார்கள். 'நான் ஆர்மி, டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, பைக்கை அவசரமாக விற்கிறேன்' என்று சீருடைப் படத்தையும் அடையாள அட்டைப் படத்தையும் அனுப்பி முன்பணம் பறிக்கும் இணைய மோசடியைப் பற்றிக் காவல் துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ராணுவ உடை என்றதும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அமெரிக்காவில் சந்தேகம் அளவுக்கு மீறியது என்றால், நம்மிடம் நம்பிக்கை அளவுக்கு மீறியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: உடையைப் பார்க்காமல் ஆவணத்தைப் பார்ப்பது.

---
பெட்டிச் செய்தி: இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

● பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 168: படைவீரர் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு படைவீரரின் உடையையோ சின்னத்தையோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது பிரிவு 140. அபராதம் 500 ரூபாய்.

● தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005, பிரிவு 21: தனியார் காவலர் ராணுவ, போலீஸ் சீருடையோ அதுபோன்ற தோற்றமுள்ள உடையோ அணிந்தால், அவருக்கும் முகமை உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

● 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதன்பின், ராணுவ உடை போன்ற துணிகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டது.

● 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. வெளிச்சந்தையில் அதை விற்க முடியாது.

● ஓய்வுபெற்ற அதிகாரி 'ஓய்வு' என்ற சொல்லைப் பதவிக்குப் பின் போடாமல் பெயருக்குப் பின் போட வேண்டும் என்கிறது ராணுவத் தலைமையகம். ஓய்வு பெறுவது மனிதர்தான், பதவி அல்ல.
---

நம் சட்டத்திலும் 'நம்பவைக்கும் நோக்கம்' என்ற சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். சட்டம் சட்டையைத் தண்டிக்கவில்லை. அதற்குள் இருக்கும் எண்ணத்தைத் தண்டிக்கிறது. அமெரிக்கச் சட்டம் ஆறு ஆண்டுகள் சுற்றி வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய அதுவே.

இரண்டு நிமிட வேலை

அமெரிக்காவில் ஒருவரின் பணிக்காலம், பதவி, பணியிடங்கள், பெற்ற பதக்கங்கள் ஆகிய அடிப்படை விவரங்களை யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்டு வாங்கலாம். நம் ஊரில் ஒருவரிடம் வேலையோ பணமோ பொறுப்போ தருவதற்கு முன் பணி விடுப்புப் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் மரியாதையோடு கேட்கலாம். மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஆவண அலுவலகம் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில் பாதுகாக்கப்படுகின்றன. உண்மையான வீரர் ஆவணம் கேட்டால் கோபிக்கமாட்டார். சேவைக் காலம் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் அடையாள அட்டை காட்டியே நுழைந்தவர் அவர்.

கேட்கும் இடமும் முறையும்தான் முக்கியம். பணமோ சலுகையோ பொறுப்போ கைமாறும் இடத்தில் சரிபார்த்தே ஆக வேண்டும். அது நிறுவனத்தின் கடமை. அணிவகுப்பின் ஓரத்தில், யாரிடமும் எதையும் கேட்காமல், பழைய தொப்பியோடு நிற்கும் முதியவரை வழிமறித்துக் கேமரா முன் விசாரிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அவருடைய ரிப்பன் வரிசை மாறியிருந்தால், விஷயம் தெரிந்தவர் அருகில் போய் மெல்லச் சொல்லித் திருத்திக் குத்திவிடலாம். சக வீரருக்குச் சக வீரர் செய்ய வேண்டியது அதுதான்.

சீடர் ஹில் உணவகத்தில் நடந்த தவறு கேள்வி கேட்டதல்ல. அடையாள அட்டையும் விடுப்புச் சான்றும் மேசைக்கு வந்த பிறகும், காகிதத்தை நம்பாமல் தொப்பியை நம்பியதுதான். டிசம்பர் 7, நம் நாட்டில் படைவீரர் கொடி நாள். அன்று உங்கள் தெருவில் யாராவது பழைய பதக்கத்தைக் கொஞ்சம் கோணலாகக் குத்திக்கொண்டு வந்தால், முதலில் ஒரு வணக்கம் சொல்லுங்கள். சரிபார்க்க வேண்டிய அவசியம் இருந்தால், அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது.